இன்ஜின் நாக்கிங்கைக் காதால் பிடிக்க வீட்டிலேயே ஒரு கருவி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாக்கிங் என்றால் சிலிண்டருக்குள் உண்மையில் என்ன நடக்கிறது?

ஸ்பார்க் பிளக் பற்றவைத்த தீ பரவிக்கொண்டிருக்கும்போதே, அது இன்னும் எட்டாத ஓரத்தில் இருக்கும் பெட்ரோல்-காற்றுக் கலவை அழுத்தமும் சூடும் தாங்காமல் தானாகவே ஒரேயடியாக எரிந்துவிடுகிறது. அதில் கிளம்பும் அழுத்த அலை சிலிண்டர் சுவர்களுக்கு இடையே முட்டி முட்டித் திரும்புகிறது. இன்ஜின் பிளாக் (சிலிண்டர்கள் அமைந்திருக்கும் கனமான வார்ப்பு) அந்த அதிர்வை வாங்கிக்கொண்டு ஒலிக்கிறது. தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கினாற்போல வெளியே கேட்பது இதுதான்.

எப்போதாவது லேசாகக் கேட்டால் பாதகமில்லை. பலமாகத் தொடர்ந்தால் பிஸ்டன் தலையின் ஓரம் அரித்துப்போகும், ரிங் உட்காரும் பள்ளத்தின் விளிம்பு உடையும், ஹெட் கேஸ்கட் போகும். டர்போ வண்டியில் இதற்கு அதிக நேரம் தேவையில்லை.

சும்மாவே காதில் கேட்கிறதே, இதற்கு ஒரு கருவி எதற்கு?

மேடேறும்போது டாப் கியரில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் கேட்கும், சரி. ஆனால் 4,000 ஆர்பிஎம்முக்கு மேல் காற்று, டயர், சைலன்ஸர் சத்தமெல்லாம் சேர்ந்து அதை மூடிவிடும். அங்கே வெறும் காதுக்கு எட்டும் அளவுக்கு நாக்கிங் வந்துவிட்டது என்றால் சேதம் தொடங்கியிருக்கும். டைமிங்கை (ஸ்பார்க் விழும் நேரத்தை) மாற்றுபவர்கள், கம்ப்ரெஷனை ஏற்றியவர்கள், டர்போ வைத்தவர்கள், நாக் சென்சாரே (பிளாக்கின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் உறுப்பு) இல்லாத பழைய கார்புரேட்டர் இன்ஜினைச் சரிசெய்பவர்கள் ஆகியோருக்கு இது பயன்படும். தொழிற்சாலை அமைப்பிலேயே ஓடும் புது வண்டிக்கு இது தேவையில்லை. அதன் ஈசியுவே (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) நாக்கிங்கைக் கேட்டு டைமிங்கைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும்.

ஒன்றை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இந்தக் கருவி நாக்கிங்கைக் 'கண்டுபிடிக்காது'. பிளாக்கில் நடப்பதை உங்கள் காதுக்குக் கொண்டுவரும், அவ்வளவுதான். தீர்ப்பு சொல்வது காதுதான். ஆகவே சர்க்யூட்டில் செலவிடும் நேரத்தில் பாதியையாவது, அந்த இன்ஜின் நாக் இல்லாதபோது எப்படி ஒலிக்கிறது என்று கேட்டுப் பழகுவதில் செலவிடுங்கள்.

எந்த அதிர்வெண்ணைத் தேட வேண்டும்?

அதைத் தீர்மானிப்பது சிலிண்டரின் விட்டம், அதாவது போர். கைக்கணக்கு இது: 1,800-ஐ, போரை மில்லிமீட்டரில் பை (3.14) ஆல் பெருக்கிய தொகையால் வகுத்தால் கிலோஹெர்ட்ஸ் கிடைக்கும். 75 மி.மீ. போருக்குச் சுமார் 7.6, 86 மி.மீ.க்கு 6.7, 100 மி.மீ.க்கு 5.7 கிலோஹெர்ட்ஸ்.

எரியும் வாயுவின் சூட்டைப் பொறுத்து ஒலியின் வேகம் மாறும் என்பதால் இது அரை கிலோஹெர்ட்ஸ் இப்படி அப்படி இருக்கும். அதனால் ஃபில்டரைக் கத்தி முனைபோலக் குறுக்க வேண்டாம். 2 கிலோஹெர்ட்ஸ் அகலம் நல்லது. இந்த அதிர்வெண் ஆர்பிஎம்முடன் ஏறி இறங்காது. வேகம் கூடினால் தட்டல்கள் அடிக்கடி வரும், ஆனால் ஒவ்வொரு தட்டலின் சுருதியும் ஏறக்குறைய அதேதான். ஆர்பிஎம் ஏற ஏறச் சுருதியும் ஏறும் 'ஊஊ' என்ற ஒலி ஆல்டர்னேட்டர், பம்ப் அல்லது கியருடையது.

மின்சாரமே இல்லாமல் வெறும் குழாயால் செய்ய முடியாதா?

முடியும். 8 மி.மீ. செம்புக் குழாயின் ஒரு முனையைச் சுத்தியலால் தட்டித் தட்டையாக்கி, அதில் துளையிட்டு, பிளாக்கில் உள்ள ஒரு போல்ட்டில் இறுக்குங்கள். மறுமுனையில் ரப்பர் அல்லது சிலிகான் ஹோஸைச் செருகி, காதுமூடியின் கிண்ணத்துக்குள் விடுங்கள். அரை மணி நேர வேலை.

குறை என்னவென்றால், ஹோஸ் நீள நீள 6 கிலோஹெர்ட்ஸ் போன்ற உயர்ந்த ஒலிகள்தான் முதலில் கரையும். இரண்டு மீட்டருக்கு மேல் போனால் கடகடப்புதான் மிஞ்சும். இன்ஜின் அறையிலிருந்து கேபினுக்குள் ஹோஸ் வரும் துளையை ரப்பர் வளையம் வைத்து அடைத்தே ஆக வேண்டும். அந்தத் துளை வழியாகப் புகை வாயு உள்ளே வந்தால் கார்பன் மோனாக்ஸைடு. அதற்கு மணமே கிடையாது.

பஸ்ஸர் தட்டு, மைக், அசல் நாக் சென்சார்: இவற்றில் எது?

முடிந்தால் அசல் சென்சார்தான், அதிலும் நடுவில் துளையுள்ள வட்ட வடிவ 'ஃப்ளாட்' வகை. பழைய உதிரிபாகக் கடையில் கிடைப்பதே போதும். போஷ் தயாரிப்பில் இந்த வகை 5 கிலோஹெர்ட்ஸில் ஒரு 'ஜி' (புவியீர்ப்பு முடுக்கத்தின் அளவு) அதிர்வுக்கு ஏறக்குறைய 26 மில்லிவோல்ட் கொடுக்கும். கெப்பாசிட்டன்ஸ் சுமார் 1 நானோஃபாரட்.

இன்னொரு வகை, அடியிலேயே மரை உள்ள 'ரெசொனன்ட்' சென்சார். அது ஒரே ஒரு அதிர்வெண்ணுக்காக உற்பத்தியிலேயே சுருதி கூட்டப்பட்டது. உங்கள் இன்ஜினின் போர் அதற்குப் பொருந்தினால் நன்றாகவே கேட்கும். பொருந்தாவிட்டால், வால்வ் சத்தம் உட்பட எதைத் தட்டினாலும் தன் சுருதியிலேயே ஒலித்து உங்களை ஏமாற்றும்.

27 மி.மீ. பஸ்ஸர் தட்டு (பீசோ தகடு) மலிவு. ஆனால் ஓரம் விடுதலையாக இருந்தால் 4 கிலோஹெர்ட்ஸ் வாக்கில் அதுவே கிணுகிணுக்கும். முழுப்பரப்பும் ஒரு கனமான உலோகத்துண்டில் படியும்படி, சூடு தாங்கும் எபாக்ஸியால் ஒட்டுங்கள். வேகமாக ஒட்டும் சூப்பர் பசை இன்ஜின் சூட்டில் சில ஓட்டங்களிலேயே விட்டுவிடும். மைக் வேண்டாம். அது காற்றில் வரும் எல்லாச் சத்தத்தையும் பிடிக்கும்; சாதாரண எலெக்ட்ரெட் மைக்குகள் பிளாக்கின் சூட்டையும் தாங்காது.

சென்சாரை எங்கே, எப்படிப் பொருத்துவது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். கேட்கவில்லை என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை பொருத்தும் இடத்தில்தான் முடிகின்றன.

சென்சார் பிளாக்கின் வார்ப்பில், சிலிண்டர்களின் மேல்பாதி உயரத்தில் உட்கார வேண்டும். நான்கு சிலிண்டர் இன்ஜினில் 2-க்கும் 3-க்கும் நடுவே. வி6 என்றால் பக்கத்துக்கு ஒன்று. வால்வ் கவர், ஆயில் சம்ப், டைமிங் கவர், தகட்டுப் பிராக்கெட் எதுவும் ஆகாது: அவை தாமாகவே அதிரும். எக்ஸாஸ்ட் மானிஃபோல்டு பக்கம் வேண்டாம்.

உட்காரும் இடத்தில் பெயின்ட், துரு, எண்ணெய்ப் பிசுக்கு எதுவும் இருக்கக்கூடாது. உப்புத்தாளால் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி, ஒரு சிறு கண்ணாடித் துண்டை மேலே வைத்துப் பாருங்கள். ஆடினால் இன்னும் சமதளம் வரவில்லை. எம்8 போல்ட்டை 20 நியூட்டன் மீட்டர் டார்க்கில் இறுக்க வேண்டும். 15 முதல் 25 வரை பரவாயில்லை. வாஷர் போடாதீர்கள், ஸ்பிரிங் வாஷர் கூடவே கூடாது. அது அதிர்வை விழுங்கிவிடும். பிளாக்கில் எம்10 மரைதான் இருக்கிறது என்றால், மெல்லிய அடாப்டர் தகடு வைக்காமல், ஒருபுறம் எம்10, மறுபுறம் எம்8 கடைந்த முழு எஃகுத் துண்டைப் பயன்படுத்துங்கள். எவ்வளவு குட்டையாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

சென்சாரை நேரடியாக மொபைலின் மைக் சாக்கெட்டில் செருகினால் என்ன?

ஏறக்குறைய ஒன்றும் கேட்காது. சென்சார் என்பது 1 நானோஃபாரட் கெப்பாசிட்டர் போன்றது, 6.5 கிலோஹெர்ட்ஸில் அதன் உள்தடை சுமார் 24 கிலோ ஓம். மைக் சாக்கெட்டின் உள்ளீடு சில கிலோ ஓம்தான். சிக்னலின் பெரும்பகுதி வாசலிலேயே விழுந்துவிடும். அதனால்தான் 1 மெகா ஓம் உள்ளீடு உள்ள முதல் நிலை தேவைப்படுகிறது.

சரி, சர்க்யூட்டைச் சொல்லுங்கள்.

தேவையானவை: டிஎல்072 (இரண்டு ஓபி-ஆம்ப் அடங்கிய ஐசி) ஒன்று, எல்எம்386 (சிறு ஆடியோ ஆம்ப் ஐசி) ஒன்று, 9 வோல்ட் பேட்டரி, 1என்4148 டயோடு நான்கு, ஷீல்டு வயர், கீழே வரும் ரெசிஸ்டர்களும் கெப்பாசிட்டர்களும். ஃபில்டருக்கு வரும் இரண்டு 1 நானோஃபாரட் கெப்பாசிட்டர்கள் மட்டும் ஃபிலிம் வகையாகவோ சி0ஜி செராமிக்காகவோ இருக்கட்டும். சாதாரண செராமிக் போட்டால் சூட்டில் ஃபில்டரின் சுருதி நகரும்.

முதலில் நடு வோல்டேஜ். 9 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே இரண்டு 10 கிலோ ஓம், நடுப்புள்ளியிலிருந்து கிரவுண்டுக்கு 47 மைக்ரோஃபாரட். இந்த 4.5 வோல்ட்தான் இரண்டு ஓபி-ஆம்புக்கும் ஆதாரப் புள்ளி. பேட்டரிக்கு இணையாக 220 மைக்ரோஃபாரட். இரண்டு ஐசிகளின் காலருகிலும் 100 நானோஃபாரட்.

முதல் நிலை. சென்சாரின் ஒரு கம்பி கிரவுண்டுக்கு. மற்றது 100 நானோஃபாரட், பிறகு 10 கிலோ ஓம் வழியாக டிஎல்072-இன் பிளஸ் உள்ளீட்டுக்கு. அங்கிருந்து நடுப்புள்ளிக்கு 1 மெகா ஓம். அதே உள்ளீட்டில் ஒரு டயோடு 9 வோல்ட் பக்கமும் ஒன்று கிரவுண்டு பக்கமும், சாதாரண நிலையில் கடத்தாத திசையில். ஸ்பேனர் தவறிச் சென்சார் மேல் விழுந்தால் கிளம்பும் வோல்டேஜை இவை தாங்கும். மைனஸ் உள்ளீட்டிலிருந்து நடுப்புள்ளிக்கு 10 கிலோ ஓம், வெளியீட்டுக்கு 100 கிலோ ஓம் பாட் (திருகி மாற்றும் ரெசிஸ்டர்). கெயின் 1 முதல் 11 வரை கிடைக்கும். 2-இல் தொடங்குங்கள். ஓடும் இன்ஜினில் 10 'ஜி' என்பது அரிதல்ல, அதுவே 260 மில்லிவோல்ட். கெயினை முழுதாக ஏற்றினால் முதல் நிலையே வெட்டுப்பட்டு, எல்லாமே நாக்கிங் மாதிரிக் கேட்கும்.

இரண்டாம் நிலை, ஃபில்டர். முதல் நிலையின் வெளியீட்டிலிருந்து 24 கிலோ ஓம் ஒரு முடிச்சுக்கு வருகிறது. அந்த முடிச்சிலிருந்து நடுப்புள்ளிக்கு 2.2 கிலோ ஓமும் 5 கிலோ ஓம் பாட்டும் தொடராக. முடிச்சிலிருந்து மைனஸ் உள்ளீட்டுக்கு ஒரு 1 நானோஃபாரட், வெளியீட்டுக்கு இன்னொரு 1 நானோஃபாரட். வெளியீட்டிலிருந்து மைனஸ் உள்ளீட்டுக்கு 150 கிலோ ஓம். பிளஸ் உள்ளீடு நடுப்புள்ளிக்கு. பாட்டைத் திருப்பினால் ஃபில்டரின் மையம் சுமார் 5.5 முதல் 9.1 கிலோஹெர்ட்ஸ் வரை நகரும். அகலம் எங்கு வைத்தாலும் ஏறக்குறைய 2.1 கிலோஹெர்ட்ஸ்தான். 63 முதல் 104 மி.மீ. வரையிலான போர்களுக்கு இது போதும்.

மூன்றாம் நிலை, ஹெட்ஃபோன் ஆம்ப். ஃபில்டர் வெளியீட்டிலிருந்து 1 மைக்ரோஃபாரட், 100 கிலோ ஓம், பிறகு 10 கிலோ ஓம் லாக் (லாகரிதமிக்) வகை வால்யூம் பாட். பாட்டின் நடுக்கால் எல்எம்386-இன் 3-ஆம் காலுக்கு. 2, 4 கிரவுண்டு, 6 பேட்டரி, 7-லிருந்து கிரவுண்டுக்கு 10 மைக்ரோஃபாரட், 1, 8 வெறுமனே விடப்படும், அப்போது கெயின் 20. 5-ஆம் காலிலிருந்து கிரவுண்டுக்கு 10 ஓமும் 47 நானோஃபாரட்டும் தொடராக. அதே 5-லிருந்து 220 மைக்ரோஃபாரட், 100 ஓம் வழியாக ஹெட்ஃபோன். ஹெட்ஃபோனுக்குக் குறுக்கே எதிரெதிர் திசையில் மீதி இரண்டு டயோடுகள். இவற்றை விட்டுவிடாதீர்கள். சென்சார் கனெக்டர் கழன்றால் காதில் விழும் அடியை இவைதான் குறைக்கின்றன. அப்படியும் ஹெட்ஃபோனை மாட்டும் முன் வால்யூமைப் பூஜ்யத்துக்கு இறக்கிவிடுங்கள்.

வண்டியின் 12 வோல்ட்டிலேயே ஓட்டக்கூடாதா?

ஓட்டலாம், ஆல்டர்னேட்டரின் ஊளையையும் சேர்த்துக் கேட்க விருப்பம் என்றால். 9 வோல்ட் பேட்டரியே மேல்.

வண்டியில் ஏற்றும் முன் எப்படிச் சோதிப்பது?

சென்சாருக்குப் பதிலாக 1 நானோஃபாரட் கெப்பாசிட்டரைத் தொடராக வைத்து, மொபைலின் ஹெட்ஃபோன் வெளியீட்டை உள்ளே கொடுங்கள். டோன் ஜெனரேட்டர் செயலியில் 3 முதல் 10 கிலோஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏற்றினால், ஓர் இடத்தில் சத்தம் உச்சிக்குப் போய் இறங்கும். அந்த உச்சி உங்கள் போருக்கான கணக்கில் நிற்கும்வரை 5 கிலோ ஓம் பாட்டைத் திருப்புங்கள். கெப்பாசிட்டர் இல்லாமல் நேரடியாகக் கொடுத்துச் சோதித்தால் உள்ளீட்டில் உள்ள தவறு எதுவும் வெளிப்படாது.

சென்சாரைப் பொருத்தியபின், இன்ஜின் அணைந்திருக்கும்போது பிளாக்கைச் சிறு ஸ்பேனரால் தட்டுங்கள். பளிச்சென்று 'டிக்' என்று கேட்க வேண்டும். 'தொப்' என்று மந்தமாக இருந்தால் போல்ட்டையும் சமதளத்தையும் பாருங்கள்.

இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் ஒரே டிக் டிக் டிக். இதுவா நாக்கிங்?

பெரும்பாலும் இல்லை. ஐடிலில் கேட்பது இன்ஜெக்டர் திறந்து மூடுவது, வால்வ் உட்காருவது, செயின். குளிர்ந்த இன்ஜினில் பிஸ்டன் சுவரில் அடிக்கும் சத்தமும் உண்டு. அது சூடேறினால் அடங்கும்.

அடையாளம் காண எளிய வழி ஒழுங்கு. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் 3,000 ஆர்பிஎம்மில் ஒரு சிலிண்டர் நொடிக்கு 25 முறை எரிகிறது. இயந்திரச் சத்தம் ஒவ்வொரு சுற்றிலும் தவறாமல் வரும். காதுக்கு அது ஒரே சீரான ஓட்டம். தொடக்க நிலை நாக்கிங் அப்படி வராது. ஒரு சுற்றில் வரும், மூன்று சுற்றில் வராது, பிறகு இரண்டு தொடர்ந்து வரும். சீரான பின்னணியின்மேல் ஒழுங்கற்றுத் தெறிக்கும் கூர்மையான, சில மில்லிசெகண்டில் அடங்கிவிடும் சொடுக்குகளைத் தேடுங்கள்.

சந்தேகம் வந்தால் உரைகல் ஒன்றுதான்: டைமிங்கை 2 அல்லது 3 டிகிரி பின்னுக்கு இழுத்து அதே ஓட்டத்தைத் திரும்பச் செய்யுங்கள். போய்விட்டால் நாக்கிங். அப்படியே இருந்தால் இயந்திரச் சத்தம். இன்னும் மோசமானால், ஸ்பார்க்குக்கு முன்பே ஏதோ ஒரு சூடான புள்ளி கலவையைப் பற்றவைக்கிறதா என்று பாருங்கள். பிளக்கின் சூட்டு எண், கரிப்படிவு இரண்டும் முதலில் சந்தேகிக்க வேண்டியவை. அந்த நிலையில் தொடர்ந்து ஓட்டக்கூடாது.

இன்ஜினிலிருந்து வரும் சத்தமா, வயரில் ஏறும் சத்தமா என்று எப்படித் தெரியும்?

சென்சார் முனையில் கனெக்டரைக் கழற்றி, அதே இடத்தில் 1 நானோஃபாரட் கெப்பாசிட்டரைச் செருகி இன்ஜினை ஓட்டுங்கள். கெப்பாசிட்டருக்கு அதிர்வு தெரியாது. அப்போதும் கேட்கும் எல்லாமே மின்சாரக் குப்பை. ஸ்பார்க்கோடு சேர்ந்து வரும் 'டிக்' பெரும்பாலும் இங்கே அகப்படும்; அதை நாக்கிங் என்று நம்பி டைமிங்கைக் குறைத்துக்கொண்டே போவது நடக்கிற கதைதான்.

வயரை இக்னிஷன் காயிலிலிருந்தும் பிளக் வயரிலிருந்தும் ஒரு சாண் தள்ளி ஓட்டுங்கள். கடக்க வேண்டியிருந்தால் குறுக்காகக் கடக்கட்டும். ஷீல்டைப் பெட்டி முனையில் மட்டும் கிரவுண்டு செய்யுங்கள். உடம்பே கிரவுண்டாக உள்ள ஒற்றைக் கம்பிச் சென்சாரில் ஷீல்டுதான் திரும்பும் பாதை. அப்போது இரு முனையும் இணைய வேண்டும், பேட்டரியில் ஓடுவது கட்டாயம். வயர் ஆடினாலே 'கரகர' என்று கேட்டால் கேபிள் டையால் அங்கங்கே கட்டுங்கள். மூன்று மீட்டருக்கு மேல் நீளம் வேண்டாம். வயரின் கெப்பாசிட்டன்ஸும் சிக்னலைப் பங்குபோட்டுக்கொள்ளும்.

ஓட்டிப் பார்க்கும்போது என்ன முறை?

ஓட்டுபவர் ஹெட்ஃபோன் மாட்டக்கூடாது. பக்கத்தில் இருப்பவர் கேட்கட்டும், அல்லது டைனோவில் (வண்டியை நின்ற இடத்திலேயே ஓட்டிச் சோதிக்கும் கருவி) செய்யுங்கள். இன்ஜின் முழுச் சூட்டுக்கு வந்தபின், முதலில் லேசான ஆக்ஸிலரேட்டரில் 2,000 முதல் 5,000 வரை ஓட்டிப் பின்னணியைக் கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்து மூன்றாம் கியரில் 2,000-லிருந்து முழு ஆக்ஸிலரேட்டர். முதல் சொடுக்கிலேயே காலை எடுத்துவிட வேண்டும், உறுதிப்படுத்திக்கொள்ளத் தொடர்வது கூடாது.

நாக்கிங் எப்படி ஒலிக்கும் என்றே தெரியாதவர், டர்போ இல்லாத இன்ஜினில், 2,000 ஆர்பிஎம், பாதி ஆக்ஸிலரேட்டரில் டைமிங்கை ஒவ்வொரு டிகிரியாக முன்னேற்றி முதல் தெறிப்பைக் கேட்டுவிட்டு 3, 4 டிகிரி பின்வாங்கலாம். டர்போ இன்ஜினில் இந்தப் பாடம் படிக்க வேண்டாம். ஈசியு நாக் கட்டுப்பாடு இயங்கிக்கொண்டிருந்தால், நீங்கள் ஏற்றும் டைமிங்கை அதுவே இறக்கி எதுவும் கேட்காமல் செய்துவிடக்கூடும்.

ஈசியு பயன்படுத்தும் சென்சாரிலிருந்தே ஒரு கம்பி இழுத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். கூடுதல் வயரும் உங்கள் உள்ளீடும் அந்தச் சிக்னலைக் குறைக்கும். ஈசியுவுக்கு நாக்கிங் கேட்காமல் போகலாம், அல்லது பி0325 போன்ற சென்சார் சர்க்யூட் கோளாறு எண் விழலாம். தனிச் சென்சார் போடுங்கள்.

காதுக்குப் பதில் எல்ஈடி எரிய வைக்கலாமா?

குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் எரி என்று வைத்தால் உதவாது. பின்னணிச் சத்தம் ஆர்பிஎம்மோடு ஏறுவதால், 2,500-க்குச் சரியாக வைத்த அளவு 5,000-இல் நிரந்தரமாக எரியும். ஃபில்டர் வெளியீட்டை ரெக்டிஃபை செய்து இரண்டாகப் பிரியுங்கள்: ஒன்று 10 கிலோ ஓம், 330 நானோஃபாரட் என்ற வேகமான சராசரி, மற்றது 100 கிலோ ஓம், 4.7 மைக்ரோஃபாரட் என்ற, அரை நொடி அளவிலான மெதுவான சராசரி. வேகமானது மெதுவானதைவிட மூன்று மடங்கு தாண்டும்போது எல்எம்393 (இரண்டு வோல்டேஜை ஒப்பிடும் ஐசி) எல்ஈடியை எரிக்கட்டும். ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று மிதித்தால் அப்போதும் பொய்யாக எரியும். கிராங்க் கோணம் பார்த்து, எரிப்பு நடக்கும் அந்தச் சிறு இடைவெளியில் மட்டும் கேட்பதால்தான் ஈசியுக்கள் தப்பிக்கின்றன.

பதிவு செய்து பிறகு கேட்க முடியுமா?

முடியும், காதுக்கும் அது நல்லது. எல்எம்386 நிலைக்கு முந்தைய வால்யூம் பாட்டிலிருந்து எடுத்து, யுஎஸ்பி சவுண்ட் கார்டின் லைன்-இன்னில் கொடுங்கள். பதிவு செயலியில் ஆட்டோ கெயின், சத்தக் குறைப்பு இரண்டையும் அணையுங்கள். அவை நாக்கிங்கைத்தான் முதலில் துடைத்தெறியும். 44.1 கிலோஹெர்ட்ஸ் பதிவே போதும். ஸ்பெக்ட்ரோகிராமில் (நேரம் போகப் போக எந்த அதிர்வெண் ஒலிக்கிறது என்று காட்டும் படம்) பார்த்தால் கணக்கிட்ட அதிர்வெண்ணில் குட்டையான கோடுகள் தெரியும். பாதி வேகத்தில் ஓட்டினால் 6.5 கிலோஹெர்ட்ஸ் 3.25 ஆகிறது, வயதால் உயர்சுருதி கேட்காதவர்களுக்கும் தெளிவாகக் கேட்கும்.

பைக்குக்கும் டீசலுக்கும் இதே கருவி ஆகுமா?

50 மி.மீ. போர் பைக்குக்குக் கணக்கு சுமார் 11.5 கிலோஹெர்ட்ஸ், ஃபில்டரின் இரண்டு 1 நானோஃபாரட்டையும் 680 பிகோஃபாரட் ஆக்கினால் அங்கே எட்டும். பதிவு செய்து வேகம் குறைத்துக் கேட்பதே அதற்குச் சரி. டீசலில் ஆகாது. அங்கே தானாகப் பற்றிக்கொள்வதுதான் இன்ஜின் ஓடும் முறையே.